ரீடிங் அக்காவும் பத்து சென்டிமீட்டரும்

அந்தப் பொறியியல் கல்லூரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் ரீடிங் அக்கா. நீரியல் ஆய்வகத்தில் இருபத்து நான்கு வருடமாக உதவியாளர். எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தால் பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கும், தொட்டியில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏற எத்தனை வினாடி ஆகும் என்பதையெல்லாம் தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிடுவாள். மாணவர்கள் மோட்டார் சுவிட்சைத் தொடவே வேண்டியதில்லை. "அக்கா, மூணாவது எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு ரீடிங் குடுங்கக்கா" என்று மேசை முன்னால் வந்து நின்றால் போதும். இழுப்பறையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு வெளியே வரும்.

ரெக்கார்டு நோட்டு என்ற ஒன்றைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அகப்பட்டால் அவரை உட்கார வைத்து நூறு ரெக்கார்டு எழுதச் சொல்லலாம். வருடத்துக்குப் பத்து சோதனை, பத்து படம், பத்து அட்டவணை. மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து இளையவர் எழுதுவார், அவருடையதைப் பார்த்து அடுத்தவர். ஈயடிச்சான் காப்பி என்று சும்மாவா சொன்னார்கள்? ஒருமுறை யாரோ ஒருத்தியின் பம்பு படத்தின் மேல் ஒரு சொட்டு தேநீர் சிந்தி வட்டமாகக் கறை படிந்துவிட்டது. அடுத்த வருடம் எல்லோருடைய படத்திலும் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்கும் அடுத்த வருடம் ஒரு புத்திசாலி அதற்கு அம்புக்குறி போட்டு "காற்றுப் போக்கி" என்று பெயர் எழுதினான். அதற்கும் பத்துக்குப் பத்து மதிப்பெண் விழுந்தது.

ரீடிங் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள், அவரும் வயிறு வலிக்கச் சிரித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். சிரிப்பதற்கு யாராவது காரணம் கொடுத்தால் விடமாட்டார். ஆனால் அவர் சிரித்து முடித்த பிறகும் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வட்டம் என்னவென்று இரண்டு வருடத்தில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லையே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அவள் டிப்ளமோ படித்தவள். மெக்கானிக்கல் பிரிவில் எண்பது பேருக்கு நடுவில் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி. முடித்ததும் பொறியியலில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர இடம் கிடைத்தது. அந்த மாதம் பார்த்து அப்பா மாடிப்படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். இந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை காலியாக இருப்பதாக யாரோ சொன்னார்கள். "ஒரே ஒரு வருஷம் போயிட்டு வாடி, அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்" என்றாள் அம்மா. அம்மா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அடுத்த வருடம் அப்பாவுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை, அதற்கடுத்த வருடம் தம்பியின் கல்லூரி, அப்புறம் கல்யாணம், அப்புறம் ஒரு மகள். மகளாவது படிப்பாள் என்று பார்த்தாள். "அம்மா, எனக்கு இந்த நட்டு போல்ட்டெல்லாம் ஒத்து வராதும்மா" என்று சொல்லிவிட்டு அவள் வணிகவியல் சேர்ந்தாள். நன்றாகவே படிக்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை.

படிக்க ஆசைப்பட்ட படிப்புக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது, பசியோடு இருப்பவளைப் பந்தியில் பரிமாறச் சொல்வது மாதிரிதான். அடுத்த அறையில் வகுப்பு நடக்கும்போது ஆய்வகத்தின் ஜன்னலை அவள் திறந்து வைப்பாள். காற்று வருவதற்கென்று சொல்லிக்கொள்வாள். பாடம் முழுக்க காதில் விழும். வகுப்பில் இருக்கும் அறுபது பேருக்கும் புரியாத இடங்கள் சில அவளுக்குப் புரிந்தன. புரியாத இடத்தில் கையைத் தூக்கி "சார், அது ஏன்?" என்று கேட்க அவளுக்கு நாக்கு துடிக்கும். கேட்க அவளுக்கு உரிமை இல்லை, உரிமை இருந்தவர்கள் கேட்கவில்லை.

நீல நோட்டின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த நோட்டு இல்லை. அப்போதெல்லாம் மாணவர்கள் கொஞ்சமாவது மோட்டாரை ஓட்டினார்கள். வெஞ்சுரி என்று ஒரு கருவி உண்டு. நடுவில் இடுப்பு குறுகின பித்தளைக் குழாய். அதன் வழியாகத் தண்ணீரை ஓட விட்டு, கணக்குப்படி எவ்வளவு வர வேண்டும், உண்மையில் தொட்டிக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டும். நல்ல வெஞ்சுரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு வந்து சேரும். புத்தகத்திலும் 0.97, ஆய்வகத்திலும் 0.97 என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று ஒரு வருடம் 0.81 வர ஆரம்பித்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 0.81.

அந்த வருடம் அவளுடைய மகள் கைக்குழந்தை. இரவெல்லாம் அழும். ரீடிங் அக்கா பாதித் தூக்கத்தில் வேலைக்கு வருவாள். தண்ணீர் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துகிற தன் கட்டைவிரல்தான் தாமதிக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஏதாவது தப்பென்றால் முதலில் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொள்ளும் பெண்களுக்கு நம் வீடுகளில் பஞ்சமா என்ன? அந்தச் சமயம் ஆய்வகப் பொறுப்பில் இருந்த இளம் விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னாள். ஆய்வுக் குழு பார்வையிட வரும் நேரம், அவருக்கு ஆயிரம் வேலை. "எப்பவும் வர்ற மாதிரி வர வைங்கம்மா" என்றார். அவள் வர வைத்தாள். முப்பது வினாடி ஆன இடத்தில் இருபத்தைந்து என்று எழுதினாள். ஆறு வினாடிக்கு ஒரு வினாடி குறைத்தால் கணக்கு அழகாக 0.97-ல் போய் உட்கார்ந்தது. அந்த எண்களை ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது. மகள் வளர்ந்தாள், தூக்கம் திரும்பி வந்தது, ஆனாலும் 0.81 போகவில்லை. தப்பு தன் விரலில் இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் நோட்டு தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்திருந்தது. "வர வைங்கம்மா" என்று சொன்ன அந்த விரிவுரையாளர்தான் இன்று துறைத் தலைவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஆய்வகத்துக்குள் இந்த வருடம் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரே வாரத்தில் மாணவர்கள் அவருக்குப் புயல் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்த முதல் நாளே ஆய்வகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மேசைக்கு வந்தார்.

"அக்கா, இந்த பம்ப்பை பசங்க யாராவது ஓட்டி பாத்திருக்காங்களா?"

"இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னிக்கு ஓடும் மேடம். நான்தான் ஓட்டுவேன்."

மேடம் சிரித்தார். பிறகு மாணவர்களைக் கூட்டி நிறுத்தி, இந்தப் பருவத்தில் பத்து சோதனை கிடையாது என்றார். வகுப்பில் ஒரே விசில். ரெக்கார்டு நோட்டும் கிடையாது என்றார். இன்னும் பெரிய விசில். அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு விசில் அடங்கிவிட்டது.

"அஞ்சு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி. தண்ணி சம்பந்தப்பட்டதா, இந்த கேம்பஸ்லயே இருக்கிற பிரச்சினையா இருக்கணும். அதை நீங்களே கண்டுபிடிக்கணும். அளக்கறது, செய்யறது, பதில் தேடறது எல்லாம் நீங்கதான். நீங்க எப்படி தேடினீங்கங்கறதுக்குத்தான் மார்க்."

"மேடம், கேள்வியையாவது நீங்க குடுத்துடுங்க மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கெஞ்சியது. "போன வருஷ புராஜெக்ட் ரிப்போர்ட் ஒண்ணு கிடைக்குமா மேடம்?" என்றது இன்னொன்று. போன வருடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

துறைத் தலைவருக்கு இதில் அரை மனசு. "ஒரு செக்‌ஷன், ஒரு செமஸ்டர். ஆறாவது வாரம் நான் வந்து பாப்பேன். சரிப்பட்டு வரலைன்னா அடுத்த நாளே பழையபடி பத்து எக்ஸ்பெரிமெண்ட்" என்று சொல்லி அனுமதித்தார்.

முதல் இரண்டு வாரம் சந்தைக்கடைதான். குழாயை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மாட்டி, தரையெல்லாம் தண்ணீர். ஒரு மாணவி திறக்க வேண்டிய வால்வை மூடி, மூட வேண்டியதைத் திறந்து, பக்கத்தில் நின்ற ஆறு பேரைத் தலையோடு குளிப்பாட்டினாள். அன்றிலிருந்து அவள் பெயர் வால்வு. ஆனால் மூன்றாவது வாரம் ஏதோ மாறியது. மணி அடித்த பிறகும் யாரும் பையைத் தூக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பேர் வந்து, "அக்கா, பம்ப்பை ஆன் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார்கள். ரீடிங் அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்தவர்கள் மின்விசிறிக்காக வந்தவர்கள்தான்.

அதற்கப்புறம் கேள்விகள் வர ஆரம்பித்தன. அக்கா, இந்தக் குழாய் ஏன் இங்கே வளையுது? இந்த மோட்டார் ஏன் முதல்ல தண்ணி ஊத்தினாத்தான் இழுக்குது? தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை அவர்களோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள். வால்வுவின் குழு பெண்கள் விடுதியில் இருப்பவர்கள். காலையில் மூன்றாவது மாடிக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்பது அவர்கள் கேள்வி. குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு வெஞ்சுரியைத் தாங்களே செய்வது என்று கிளம்பினார்கள். குழாயை வெட்டினார்கள், சூடுகாட்டி நெளித்தார்கள், பசை தடவி ஒட்டி, ஒழுகிப் பிரித்து, மறுபடி ஒட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து ஒட்டிவிட்டு அவளும் பசைக் கையோடு வீட்டுக்குப் போனாள்.

"என்னம்மா, இப்பல்லாம் சீக்கிரம் கிளம்பி லேட்டா வர்ற? புதுசா காலேஜ்ல சேர்ந்த பொண்ணு மாதிரி இருக்கே" என்று கணவர் கேலி செய்தார்.

"போங்க" என்றாள். ஆனால் அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் அந்த ஆறு வாரமும் அப்படித்தான் இருந்தாள்.

தாங்கள் செய்த வெஞ்சுரியைச் சோதிக்கும் முன்னால் ஆய்வகத்துப் பித்தளை வெஞ்சுரியில் கைபழகிக்கொள்ளச் சொன்னார் மேடம். வால்வும் தோழிகளும் ஓட்டினார்கள். 0.81 வந்தது. மறுபடி ஓட்டினார்கள். 0.80. ஆளை மாற்றி, வாட்சை மாற்றி, ஐந்து நாள் ஓட்டினார்கள். 0.81-ஐ விட்டு நகரவில்லை. ரீடிங் அக்கா மேசையில் உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினாள்.

துறைத் தலைவர் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் ஐந்து பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். எல்லோர் முகத்திலும் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த நீல நோட்டு இருக்குல்ல, அதை குடுங்கக்கா" என்றாள் வால்வு. "நாளைக்கு மட்டும் அந்த ரீடிங்கை போட்டு காட்டிடறோம். இதை வெச்சு சார் புராஜெக்ட்டையே நிறுத்திட்டார்னா எல்லா குழுவும் எங்களை திட்டும். அப்புறமா நாங்க உக்காந்து சரியா பண்ணிக்கறோம்."

நாளைக்கு மட்டும். ரீடிங் அக்காவின் கை இழுப்பறைப் பிடியில்தான் இருந்தது. கொடுத்தால் நாளைய தினம் நல்லபடியாகக் கழியும். புராஜெக்ட் நடக்கும், ஆய்வகம் இப்படியே கலகலப்பாக இருக்கும், அவளும் இதில் இருப்பாள். வேறென்ன வேண்டும்? ஆனால் பொய் அளவை நம்பி இவர்கள் விடுதிக்குப் போய்க் குழாயை அளப்பார்கள். அங்கே வருகிற எண்ணும் தப்பாகும். தப்பு எங்கே என்று தெரியாமல் இவர்களும் தங்கள் விரலைத்தான் சந்தேகப்படுவார்கள். அதை நினைத்ததும் அவளால் இழுப்பறையைத் திறக்க முடியவில்லை.

"நோட்டு வேணாம்மா. உங்க ரீடிங் சரிதான். அதையே காட்டுங்க."

"அப்போ எல்லாருக்கும் 0.97 எப்படிக்கா வருது?"

"நாளைக்கு பாக்கலாம், போங்க" என்று விரட்டிவிட்டாள். தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக. அவர் வேன் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி, நீ உண்மைய சொல்லிட்டா என்ன ஆகும்? வேலை போயிடுமா?"

"வேலை போகாதுங்க. லேப்பு போயிடும். வேற செக்‌ஷனுக்கு தூக்கி போட்டுடுவாங்க."

"அட, அவ்வளவுதானா? எங்க உக்காந்தாலும் அதே சம்பளம்தானே?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டார். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் அங்க உனக்கு பிடிச்ச மாதிரி ஆச்சு, இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். முதல் இரண்டு குழுக்களைப் பார்த்து "ம்ம்" என்றார். வால்வுவின் குழுவிடம் வந்ததும் 0.81-ஐப் பார்த்தார். கையோடு போன வருட ரெக்கார்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஆறு வாரம் தண்ணியை வாரி இறைச்சதுக்கு இதுதான் மிச்சமா? ஒரு வெஞ்சுரியை ஒழுங்கா ஓட்ட தெரியல. வருஷா வருஷம் எல்லா பசங்களுக்கும் 0.97 வருது, உங்களுக்கு மட்டும் வரமாட்டேங்குதா? மேடம், இது வேலைக்கு ஆகாது. திங்கட்கிழமையிலேர்ந்து பழைய..."

"சார்" என்றாள் ரீடிங் அக்கா. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றிருந்தாள். "அந்த 0.97 வரல சார். நான் வர வெச்சது."

துறைத் தலைவர் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

"ஆறு வினாடிக்கு ஒரு வினாடி குறைச்சு எழுதினேன் சார். அந்த நோட்டுல இருக்கிற எல்லா ரீடிங்கும் அப்படித்தான். பதினெட்டு வருஷமா பசங்க அதைத்தான் எழுதறாங்க. இந்த பிள்ளைங்க எடுத்ததுதான் சார் நிஜம்."

யார் வர வைக்கச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, துறைத் தலைவரின் முகம் நிறம் மாறியதிலிருந்தே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது தெரிந்தது. புயல் மேடம்தான் கேட்டார். திட்டுவதுபோல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"ஏன் குறையுதுன்னு நீங்க பாத்தீங்களாக்கா?"

யாராவது ஏன் என்று கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவளுக்கு, அந்தக் கேள்வி இப்படி வந்து சேர்ந்தது. "இல்ல மேடம்" என்றாள். "என் கை தப்புன்னு நெனச்சேன். அப்புறம்... அப்புறம் பாக்கவே இல்ல."

வால்வு இதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விட்டாள். விரலை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்தாள். "எல்லாத்துலயும் அதே ஆறுல ஒண்ணா? கை தப்புன்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒரே அளவா குறையாதே..." சட்டென்று பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தொட்டியின் மேல் கவிழ்ந்தாள். சுவரில் பெரிய எழுத்தில், தொட்டி ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதியிருந்தது. இத்தனை வருடமும் எல்லோரும் அதைத்தான் கணக்கில் போட்டார்கள்.

"ஒரு பக்கம் அம்பது" என்றாள். நாடாவைத் திருப்பிப் பிடித்தாள். "இந்த பக்கம்... மேடம், இங்க வாங்களேன். அறுபது!"

துறைத் தலைவர் தானே குனிந்து நாடாவைப் பிடித்துப் பார்த்தார். அறுபதுதான். ஐம்பது என்று நம்பியதில் தொட்டிக்கு வந்த தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு கணக்கிலிருந்தே விட்டுப்போயிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பழைய தொட்டி துருப்பிடித்து ஓட்டையானது. பட்டறை ஆசிரியரிடம் சொல்லிப் புதிது பற்றவைத்தார்கள். அவரிடம் இருந்த தகடு பத்து சென்டிமீட்டர் அதிகம். நல்ல தகட்டை எதற்கு வெட்டி வீணாக்க வேண்டும், பெரிய தொட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று அப்படியே பற்றவைத்துவிட்டுப் போனார். அது தொட்டி வந்து இறங்கிய அன்று ரீடிங் அக்கா தன் காதால் கேட்ட பேச்சு. இப்போதுதான் அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மாணவர்கள் கூச்சல் போட்டுக் கைதட்டினார்கள். வால்வுவைத் தூக்காத குறை. புதிய அளவைப் போட்டுக் கணக்குப் பண்ணினால் சொந்தக் கையால் எடுத்த ரீடிங்கில் 0.97 வந்து நின்றது. ரீடிங் அக்காவும் கைதட்டினாள். தட்டிக்கொண்டே அவளுக்கு அழுகை வந்தது. தினமும் அந்தத் தொட்டியைத் துடைத்தவள் அவள். இழுப்பறையில் நாடா இருந்தது. இரண்டு நிமிட வேலை. அந்தச் சந்தோஷம் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். இருபத்தேழு வயதில் ஒருநாள் குனிந்து அளந்திருந்தால், இதே கூச்சலை அவள் போட்டிருப்பாள்.

புராஜெக்ட்டை நிறுத்துகிற பேச்சை அதற்கப்புறம் துறைத் தலைவர் எடுக்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து எல்லாப் பிரிவுக்கும் உண்டு என்றுகூடச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், கெட்டது ஒருத்திதான். பத்து நாளில் ஓர் உத்தரவு வந்தது. நிர்வாக வசதியை முன்னிட்டு ரீடிங் அக்கா தேர்வுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறாள். தண்டனை என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. புயல் மேடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தார். வர வைக்கச் சொன்னவர் நாற்காலியில் இருக்க, வர வைத்தவள் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். உலகத்தில் இது புதிதில்லை என்று சொல்லி ஆறுதலடைய நமக்கு வேண்டுமானால் முடியும்.

தேர்வுப் பிரிவு மெயின் பிளாக்கில் முதல் மாடி. கையில் முத்திரை, முன்னால் ஹால் டிக்கெட் கட்டு, பக்கத்தில் விடைத்தாள் மூட்டை கட்டும் சணல். நல்ல மனிதர்கள்தான், டீ வந்தால் முதலில் அவளுக்குத்தான் கொடுப்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆய்வகத்தின் தகரக் கூரை தெரியும். பத்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்கும். கூர்ந்து கேட்டால் எந்த பம்பு என்று சொல்லிவிடுவாள். "திருப்பி விடற வால்வை மூடாம ஓட்டறாங்க" என்று முத்திரை குத்திக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஐந்து நிமிடத்தில் சத்தம் மாறும். கண்டுபிடித்து மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் முகம் மலரும். அதற்கப்புறம் அங்கே யார் என்ன கேட்டார்கள், எதைப் பிரித்தார்கள், யார் மேல் தண்ணீர் அடித்தது என்று ஒன்றும் தெரியாது. இருநூறு அடி தூரம்தான். ஆனாலும் ஏங்கினாள். சாப்பிடும்போதும், பேருந்தில் நிற்கும்போதும், மகள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதும் ஏங்கினாள்.

பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது கவுண்டர் ஜன்னலில் வால்வுவின் முகம் தெரிந்தது. பின்னால் நீண்ட வரிசை.

"ஹால் டிக்கெட்ல என்னம்மா, பேர் தப்பா?"

"அதெல்லாம் சரியா இருக்குக்கா. வியாழக்கிழமை நாம செஞ்ச வெஞ்சுரியை ஹாஸ்டல் குழாயில மாட்டறோம். ரெண்டு மணி பிராக்டிகல் ஹவர்ல. கீழ ஒருத்தி, மாடிக்கு ஒருத்தின்னு ஒரே நேரத்துல அளக்கணும். எங்கள்ல ஒருத்திக்கு காய்ச்சல், ஊருக்கு போயிட்டா. ஒரு ஆள் குறையுது." கொஞ்சம் தயங்கினாள். "மேடம் வேற குழுவிலேர்ந்து யாரையாவது எடுத்துக்க சொன்னாங்க. நாங்க உங்களை கேக்கலாம்னு..."

"நான் எப்படிம்மா வர முடியும்?" என்றாள் ரீடிங் அக்கா. உடனே அவள் வாய் அவளை மீறியது. "எந்த மாடி எனக்கு?"

"மூணாவது. அங்கதான் விஷயமே இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வால்வு ஓடிவிட்டாள். ரீடிங் அக்கா அடுத்த ஹால் டிக்கெட்டில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தி, மன்னிப்புக் கேட்டு, வேறொன்றில் குத்திக் கொடுத்தாள். கூட்டம் குறைந்ததும் அலமாரியிலிருந்து விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்தாள். வியாழக்கிழமை, பிற்பகல், அரை நாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு நிறுத்தாமல் எழுதி, கண்காணிப்பாளர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் வயதானவர், எதையும் வரி விடாமல் படிக்கிறவர். "காரணம்: பிராக்டிகல் வகுப்பு" என்று உரக்கப் படித்தார். "யாருக்கும்மா பிராக்டிகல்? உங்க பொண்ணு காமர்ஸ்தானே படிக்குது?"

"எனக்கு சார்" என்றாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.